தொகுதிக்கு ஒரு பங்கு பசுமை

ஓடையோரம் களை பிடுங்குகிற, கடற்கரையில் குப்பை பொறுக்குகிற தன்னார்வக் குழுக்களுக்கென்று ஆஸ்திரேலிய அரசு 2019-இல் ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தது. ஒரு வேலைக்கு 2,500 டாலர் முதல் 20,000 டாலர் வரை. நல்ல காரியம்தான், பங்கு பிரித்த அழகுதான் அலாதி. அப்போது மொத்தம் 151 நாடாளுமன்றத் தொகுதிகள், தொகுதிக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர்.

சிட்னியின் வென்ட்வொர்த் தொகுதி 40 சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் டுராக் தொகுதியோ 13 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டைப் பத்து தடவை விரித்துப் போட்டாலும் ஓரத்தில் இடம் மிஞ்சும். இரண்டுக்கும் ஒரே உச்சவரம்பு. பந்தியில் குண்டோதரனுக்கும் கைக்குழந்தைக்கும் ஆளுக்கொரு கரண்டி என்றால் சமத்துவம் இல்லையென்று யார் சொல்ல முடியும்?

விண்ணப்பிக்க எந்தக் குழுவை அழைப்பது என்பதும் தொகுதி எம்.பி. கையில்தான் இருந்தது. அவருக்குக் களைச்செடியைத் தெரிகிறதோ இல்லையோ, தொகுதி எல்லை அத்துப்படி. காட்டு முயல்களுக்குத்தான் அது இன்னும் பிடிபடவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் வளை தோண்டி, அந்தப் பக்கத் தொகுதியில் போய் மேய்கின்றன.