டென்ஷன் குறைக்க ஒரு மீட்டிங்

சிறுசேரி சிப்காட்டில் ஒரு கம்பெனி. மன அழுத்தம் குறைக்கும் வகுப்பை வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு வைத்தார்கள். வராதவர் பெயர் மேலிடத்துக்குப் போகுமாம். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்ன நேரம் பார்த்து மேனேஜரின் போன். பிடித்த மூச்சைப் பாதிப் பேர் விடவே இல்லை.

வாரம் 150 நிமிடமாவது உடம்பை அசையுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் அந்த 150 நிமிடத்தையும் ஒரே நாளில், பஸ்ஸில் அசையாமல் உட்கார்ந்தே தீர்த்துவிடுகிறோம். 2021-இல் நீலக்கொடிச் சான்று வாங்கிய கோவளம் கடற்கரை பக்கத்திலேயே கிடக்கிறது. நம்மாட்களோ லேப்டாப் வால்பேப்பரில் மாலத்தீவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். (அதுவும் மூச்சுப் பயிற்சிதான்.)

எச்.ஆர். பெருமக்களே, வகுப்பெல்லாம் வேண்டாம். 6 மணிக்கு வீட்டுக்கு விடுங்கள்.