குழி விழுந்த கேக்

வீட்டில் செய்த கேக் நடுவில் குழி விழுந்தால் எப்படித் தேற்றுவது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைக் கோபம் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

குக்கரில் உப்பைக் கொட்டி, கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றி, சிம்மில் 45 நிமிடம். 20வது நிமிடத்தில் மூடியைத் திறந்தேன். மாவு இறுகுவதற்குள் சூடு தப்பினால் உப்பியதெல்லாம் அமுங்கிவிடும் என்று தெரியும். தெரிந்தும் திறந்தேன்; நீங்கள் திறந்ததே இல்லையா? இறக்கிப் பார்த்தால் ஓரமெல்லாம் கருகல், நடுவில் தெப்பக்குளம். குத்திய ஈர்க்குச்சி களியோடு வந்தது. போதாததற்கு, பேக்கிங் பவுடர் தீர்ந்துபோனதால் அதே அளவு ஆப்பசோடா போட்டிருந்தேன். அதற்கு வீரியம் கிட்டத்தட்ட 3 மடங்கு. வாயில் வைத்தால் சவுக்காரம்.

குப்பைக்கூடை இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. அதற்குள் அம்மா வந்துவிட்டார். "ஒண்ணும் ஆகலடா, தேத்திடலாம்."

இந்தத் 'தேத்திடலாம்' இருக்கிறதே! இட்லி மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இட்லி. மறுநாள் தோசை. புளித்தால் வெங்காயம் தூவி ஊத்தப்பம். இன்னும் புளித்தால் தாளித்துக் கொட்டிப் பணியாரம். அதற்கும் மேலே போனால் ரவையைப் போட்டுக் கலக்கி, 'இன்னைக்கு ரவா தோசை' என்று புதிதாகப் பெயர் சூட்டு விழா. மிஞ்சிய இட்லி உதிர்ந்து உப்புமாவாகும். மிஞ்சிய உப்புமா உருண்டு கட்லெட்டாகும். மிஞ்சிய கட்லெட் எதிர்வீட்டுக்குப் போகும். எதிர்வீட்டில் தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று, அவர்கள் வீட்டுப் புளித்த மாவில் சுட்ட பணியாரத்தை வைத்து அனுப்புவார்கள். சோறு மிஞ்சினால் வடகம். தயிர் புளித்தால் மோர்க்குழம்பு. எங்கள் வீட்டில் தீபாவளிக்குக் கல்லாய்ப்போன மைசூர்பாகு ஒன்று, அம்மியில் அடிபட்டு, கார்த்திகைக்குப் பாயசமாக வந்து நின்றது. அடையாளம் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான். சொன்னதற்குத் திட்டும் வாங்கினேன்.

3 முட்டையும் 150 கிராம் வெண்ணெயும் போனதுகூடப் பெரிதில்லை. கெடுத்தவன் நான், தூக்கிப் போடும் உரிமையாவது எனக்கு வேண்டாமா?

அம்மா குழியை வெட்டி வழித்தார். ஓரங்களை மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று. அரை லிட்டர் பாலில் கொட்டி ஏலக்காய் தட்டிப் போட்டார். சோடா வாடை போகவில்லை. "புளிப்பு சேர்ந்தா சோடா அடங்கிடும்" என்று அரை மூடி எலுமிச்சை பிழிந்தார். விஞ்ஞானம் சரிதான். பால் திரிந்தது.

"திரிஞ்சா என்ன, திரட்டுப்பால் மாதிரி கிளறிடலாம்."

மகள் பிறந்தநாளுக்குக் கேக் பேக்கரியிலிருந்து வந்தது. இன்று புதன். அந்த வஸ்து இன்னும் ஃப்ரிட்ஜில், மூடி இறுகாத எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது. காலையில் அம்மா டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு, கொஞ்சம் ரவையை வறுத்துக் கொட்டினால் கேசரி மாதிரி வரும் என்றார்.

இப்போது நெய் ஜாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.