பாலத்தடியிற் சொன்ன பொய்

ஷ்ரூஸ்பரி,
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பின் மச்சானுக்கு,

மகளோடு வந்து குடியேறி இரண்டு வருஷமாகியும் ஒழுங்கான கடிதம் ஒன்று எழுதவில்லை என்று நீர் குறைப்பட்டுக்கொண்டதைத் தங்கச்சி டெலிபோனிற் சொன்னாள். எழுத விஷயம் இல்லாதிருந்ததே காரணம். காலையில் மழை பெய்தது, மாலையிலும் பெய்தது, இடையில் ‘மழை வரும்போலிருக்கிறது’ என்று அயல்வீட்டுக்காரர் எனக்குச் சொன்னார், ‘ஓம்’ என்று நான் அவருக்குச் சொன்னேன் என்பதை அறிவிப்பதற்காக ஒரு முத்திரையைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது விஷயம் கிடைத்திருக்கிறது; அத்தோடு, உமது சகாயமின்றித் தீராத சங்கடம் ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. சங்கடத்தைக் கடைசியிற் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஷ்ரொப்ஷயர் என்னும் மாவட்டம். இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் தேசத்தின் எல்லையோடு ஒட்டிக்கிடக்கும் நாட்டுப்புறம். நமது ஊர்ப் படுவான்கரையில் எருமை மேய்வதுபோல இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் செம்மறி மேய்கிறது. ஆனால் நமது ஊரில் இல்லாத ஒரு வழக்கம் இவர்களிடம் உண்டு: சந்திக்குச் சந்தி மண்ணிறப் பலகை ஒன்றை நாட்டி, அதிலே வெள்ளை எழுத்தினால், இந்த வழியே போனால் பார்க்கத்தக்கது ஒன்று உண்டென்று அறிவித்துவிடுகிறார்கள். பலகையைக் கண்டால் எங்கள் மருமகனுக்குக் காரை நேரே ஓட்ட முடிவதில்லை. இந்தக் கோடை விடுமுறை முழுவதும் அவர் திருப்பிய பக்கமெல்லாம் நானும் திரும்பினேன்.

முதலில் எங்கள் பட்டினம். இதை ‘ஷ்ரூஸ்பரி’ என்பதா, ‘ஷ்ரோஸ்பரி’ என்பதா என்ற வழக்கு ஊராருக்குள்ளேயே இன்னும் தீர்ந்தபாடில்லை; சொந்த ஊரின் பெயரை ஒருமுகமாகச் சொல்லத் தெரியாத இவர்களுடைய முன்னோரின் நாவில் மட்டக்களப்பு ‘பட்டிக்கலோ’வாக நிலைத்துப்போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. செவெர்ன் என்னும் ஆறு குதிரைலாடம்போல வளைந்து பட்டினத்தை ஏறக்குறைய முழுதுமே சுற்றிக்கொண்டு ஓட, ஒருபுறம் ஆங்கிலப் பாலம், மறுபுறம் வேல்ஸ் பாலம் என்று பாலங்களை நம்பியே உலகத்தோடு உறவு வைத்திருக்கும் இந்த ஊரை முதன்முதல் கண்டபோது, நமது ஊர்ப் புளியந்தீவைக் குளிர்நாட்டுக்குக் கொண்டுவந்து கம்பளி போர்த்து வைத்தாற்போல இருந்தது எனக்கு.

சார்ல்ஸ் டார்வின் 1809ஆம் ஆண்டு பிறந்தது இவ்வூரிலேதான். அவர் படித்த பழைய பள்ளிக்கூடத்தை நூல்நிலையமாக்கி, அதன் முன்னே 1897இல் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கப்பலேறி ஐந்து வருஷம் உலகைச் சுற்றிய அந்த மனிதர் ஆறுதலாக ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார். 1814இல் இந்த நாட்டிலிருந்து நமது ஊருக்கு வந்து, ஒரு வருஷம் முடியுமுன்னே அந்த மண்ணோடு மண்ணாகிவிட்ட வில்லியம் ஓல்ட் பாதிரியாரோ அங்கே சிலையாய் இன்னமும் நின்றுகொண்டே இருக்கிறார். டார்வினை நான் மூன்றுதரம் சுற்றிவந்து, பீடத்து எழுத்தையும் கண்ணாடி போட்டு வாசித்தேன். ஓல்ட் பாதிரியாரின் பீடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மருமகன் கேட்டபோது, அவருடைய நிழலில் நின்று கச்சான் தின்றது மாத்திரமே எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு ஸ்டோக்ஸே என்ற கோட்டைக்குப் போனோம். நுழைவுச்சீட்டின் விலையைப் பவுணிலிருந்து ரூபாயாக்கிப் பார்க்கும் வியாதி என்னை இன்னும் விடவில்லையாதலால், வாசலிலேயே எனக்கு மயக்கம் வந்தது. மருமகன் தாங்கிப்பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார். 13ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டியவர் அரசருமல்லர், தளபதியுமல்லர். ஆட்டுக் கம்பளி விற்றுச் செல்வந்தரான ஒரு வர்த்தகர். உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில் 1645இல் எதிரிகள் வந்து சூழ்ந்தபோது, உள்ளிருந்தோர் பெரிய சண்டையொன்றும் போடாமற் சரணடைந்துவிட்ட புண்ணியத்தால் சுவரும் கூரையும் தப்பின. தப்பியவற்றுக்குத்தான் இப்போது கட்டணம். போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பி, ஒல்லாந்தர் 1638இற் பிடித்து, ஆங்கிலேயர் 1795இற் கைப்பற்றிய நமது கோட்டையோ, இருபுறம் வாவியும் இருபுறம் அகழியும் மூலைக்கு மூலை கொத்தளமுமாக நிற்கும் உண்மையான கோட்டை. அதற்குள்ளிருந்த கச்சேரியில் முப்பத்தொரு வருஷம் உத்தியோகம் பார்த்தவன் நான். கோப்பைப் பார்த்தேனேயன்றிக் கோட்டையைப் பார்த்தேனல்லேன். கொத்தளத்தின்மேல் ஏறி வாவியைப் பார்ப்பதற்கு ஒருநாள் லீவு எடுத்திருக்க வேண்டும். அந்த லீவையெல்லாம் நான் கலியாணவீடுகளிற் செலவழித்துவிட்டேன்.

பொஸ்கோபெல் என்னுமிடத்தில் ஒரு கருவாலி மரத்தைக் காட்டினார்கள். 1651இற் போரில் தோற்றோடிய இரண்டாம் சார்ல்ஸ் மன்னர், தேடிவந்த படையினருக்குத் தப்பி ஒரு பகல் முழுவதும் ஒளிந்திருந்தது இந்த மரத்திலாம். நான் பயபக்தியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கையில், மன்னர் ஏறிய மரத்தை ஞாபகார்த்தமாக ஆளுக்கொரு கொப்பாக ஒடித்துக்கொண்டுபோய் ஜனங்கள் முன்னரே அழித்துவிட்டார்கள் என்றும், இது அதன் சந்ததியில் வந்த மரம் என்றும் பலகை சொல்லிற்று. சந்ததிக்கும் சுற்றிவர வேலி போட்டிருக்கிறார்கள். நமது தீவுக்குப் பெயர் தந்தது புளியமரம் என்பார் சிலர். புளியன் என்ற வேடர் தலைவன் என்பார் சிலர். எது உண்மையாயினும், அந்த மரத்தின் பேரப்பிள்ளையையோ அந்தத் தலைவனின் பேரப்பிள்ளையையோ ஒருவரும் வேலி போட்டுக் காக்கவில்லை.

பிளிஸ்ட்ஸ் ஹில் என்ற இடத்தில் விக்டோரியா மகாராணி காலத்து ஊர் ஒன்றையே மறுபடி சிருஷ்டித்து வைத்திருக்கிறார்கள். வாசலில் இக்காலத்துப் பணத்தைக் கொடுத்தால் அக்காலத்துப் பென்னிகளைத் தருகிறார்கள். காசு கொடுத்துச் செல்லாக்காசு வாங்கியது என் ஆயுளில் இதுவே முதற்தடவை. உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு, தண்ணீர் இறைக்கும் வாளி, அடுப்பிற் சுடவைத்துத் துணி தேய்க்கும் இரும்பு. ‘அம்மப்பா, இதெல்லாம் என்ன?’ என்று பேத்தி கேட்க, சிரட்டைக்கரி நெருப்பிட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் என் தாயார் எனது பள்ளிக்கூடச் சட்டையை எவ்வாறு தேய்த்தார் என்று நான் விஸ்தாரமாக விளக்கிக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் என்னைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். ஒரு மூதாட்டி என்னைப் படம்பிடித்துக்கொண்டாள். இன்னும் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் எனக்கும் ஒரு பலகை நாட்டியிருப்பார்கள்.

இனி, சங்கடத்துக்கு வருகிறேன். அதே செவெர்ன் ஆற்றின்மேல் இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரே ஊருக்கும் பெயர். 1779இல் நிறுத்தி, 1781ஆம் ஆண்டுப் புதுவருஷத்தன்று திறந்த இப்பாலம், வார்ப்பிரும்பினால் உலகில் அமைந்த முதற்பெரும் பாலம். 378 தொன் இரும்பு, நூறடி அகலத்துக்கு ஒரே வளைவு. வார்ப்பிரும்பிலே பெரும் பாலம் கட்டிய அனுபவம் அதுவரை ஒருவருக்கும் இல்லாமையால், தச்சன் மரத்தை இணைக்கும் முறையிலே துளையிட்டு, முளை செருகி, ஆப்பு இறுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். ஆங்கிலேயர் நமது கோட்டையைப் பிடித்த அதே 1795இல் வந்த பெருவெள்ளத்தில் இந்த ஆற்றின் மற்றப் பாலங்களெல்லாம் சேதமுற, இது மாத்திரம் அசையாது நின்றதாம். நமது கல்லடிப் பாலத்தின் ஒரு மூலையில் வைத்தால் காணாமற் போய்விடும் என்று நான் சொன்னதை மருமகன் ரசிக்கவில்லை.

பாலத்தின் முகப்பிலுள்ள ஆயக்காரர் வீட்டில் பழைய கட்டணப் பலகை ஒன்று தொங்குகிறது. கடமையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படைவீரன் காசு கொடுத்தே கடக்கவேண்டும் என்றும், அரச குடும்பத்தினருக்கும் விதிவிலக்கில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறது. நமது ஊரிலே பாலத்துக்குப் பாலம் இறங்கி நின்று, படைவீரனுக்கு நாம் அடையாள அட்டை நீட்டிய காலத்தை நினைத்துக்கொண்டேன். படைவீரனிடம் பாலம் காசு கேட்ட ஓர் ஊரும் உலகத்தில் இருந்திருக்கிறதென்பதை மறுபடி ஒருமுறை வாசித்து மனத்துக்குள் சந்தோஷப்பட்டேன்.

அங்கேயிருந்த வாங்கில் இளைப்பாறுகையில், பக்கத்திலிருந்த வயோதிபர் ஒருவர் ரீக்கின் என்னும் குன்றின் கதையைச் சொன்னார். ஆற்றை மறித்து ஷ்ரூஸ்பரியை மூழ்கடிப்பதற்காக ஒரு ராட்சதன் மண்வெட்டி நிறைய மண்ணோடு வந்தானாம்; வழியிலே எதிர்ப்பட்ட செருப்புத் தைக்கும் தொழிலாளி, தைப்பதற்கு மூட்டை நிறையக் கொண்டுவந்த தேய்ந்த செருப்புகளைக் காட்டி, ‘இத்தனையும் அங்கிருந்து வருவதற்குள் தேய்ந்தவை’ என்றானாம்; ராட்சதன் சலித்துப்போய் மண்ணை அவ்விடத்திலேயே கொட்ட, அது குன்றாயிற்றாம். இந்தக் கதைக்கு நான் வாயடைத்திருந்தால் மட்டக்களப்பின் கௌரவம் என்னாவது? வெள்ளைக்காரத் தளபதி பரிகசிக்க, கொக்கட்டிச்சோலைக் கல்நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் இட்ட வரலாற்றை எடுத்துவிட்டேன். ‘மிகவும் சுவாரசியம்’ என்றார். ஒன்றை நம்பவில்லை என்பதை ஆங்கிலேயர் மரியாதையாகச் சொல்லும் முறை அது. உடனே பாடும் மீன்களை அவிழ்த்துவிட்டேன். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மேல்நுனியிற் காதை வைத்தால் நாதம் கேட்கும் என்றும், இலங்கையின் குடியேற்றக் காரியதரிசியாயிருந்த எமர்சன் டெனன்ற் 1848இல் தாமே தோணியேறிக் கேட்டு, ஊரிச் சிப்பியின் ஒலியோ என்று ஆராய்ந்து புத்தகத்தில் எழுதியிருக்கிறார் என்றும் சொன்னேன்.

மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?’ என்றார்.

மச்சான், அறுபத்தெட்டு வருஷம் அந்த வாவிக்கரையில் இருந்தவன் நான். அந்தப் பாலத்தைச் சைக்கிளிற் கடந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. ஒருநாளாவது தோணியில் இறங்கிக் காதை வைத்தேனா? ஆனால் நாக்கு என்னைக் கேளாமலே ‘பலமுறை’ என்று சொல்லிவிட்டது. எப்படியிருக்கும் என்று அவர் விடாமற் கேட்க, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவினாற்போல என்று டெனன்றின் உவமையையே களவெடுத்தேன். அப்படிக் கிண்ணத்தையும் நான் தடவியவனல்லன். அவர் சட்டைப்பையிலிருந்து சிறு புத்தகத்தை எடுத்து, நான் சொன்னதை ஓர் எழுத்தும் விடாமற் குறித்துக்கொண்டார்.

அந்தக் குறிப்பு இரவில் என்னைத் தூங்கவிடுவதில்லை. ஆகவே இக்கடிதம் கண்டவுடன், புரட்டாதி போய் மழை தொடங்குமுன், ஒரு பூரணையன்று தோணி பிடித்துக்கொண்டு பாலத்தடிக்குப் போய், துடுப்பிற் காதை வைத்துக் கேட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதும். மீன் பாடினால் எனது பொய்யிற் பாதியாவது மெய்யாகும். பாடாவிட்டால், நான் வரும்வரைக்கும் பொறுத்திருக்கும்படி அவற்றுக்குச் சொல்லும்.

இப்படிக்கு,
உமது மைத்துனன்.

பி.கு.: தோணிக்கூலியை நானே தருவேன். எவ்வளவென்று ரூபாயிலேயே எழுதும். இந்த ஒன்றை மாத்திரம் நான் மாற்றிப் பார்க்கமாட்டேன்.