மகாராணி முத்திரை

கேள்வி: ஒரே தோட்டா போட்டுச் சுடும் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல விலை போகுமா?

பதில்: வலப்பக்க இரும்பைப் பாருங்கள். படைத் துப்பாக்கியானால் கிரீடம், அதன் கீழே விக்டோரியா மகாராணியைக் குறிக்கும் 'வி.ஆர்.', 'என்ஃபீல்டு' போன்ற தயாரிப்பாளர் பெயர், ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் படை இந்தத் துப்பாக்கியை ஏற்றது 1871-ல். விக்டோரியா மகாராணி மறைந்தது 1901-ல். அவர் முத்திரைக்குக் கீழே 1907 என்றிருந்தால், பரலோகத்திலிருந்து ஆர்டர் வரவில்லை; அது கைபர் கணவாய்ப் பட்டறையில் செய்த நகல் சரக்கு! சிலவற்றில் 'என்' எழுத்தே திரும்பி நிற்கும். ஆங்கிலம் அறியாத கொல்லர் கண்ணால் பார்த்து வெட்டியது. அபாரமான கைவேலைதான், ஆனால் அசலின் விலை வராது. அசலாக இருந்தால், துரு தெரிகிறதே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். முத்திரை மழுங்கினால் சேகரிப்பாளர்கள் தொடவே மாட்டார்கள்.