சகோதரிகள் தேவை

அமெரிக்காவில் சில கல்லூரிகளில் தோழிகள் தாமாகக் கிடைப்பதில்லை, மாணவியர் சங்கங்கள் ஆள் எடுக்கின்றன. அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் இந்தத் தேர்வுக்குப் பெயர் ‘ரஷ்’. மேக்கப் கலையாமல் ஒவ்வொரு சங்கத்தின் மாளிகையாக ஏறி இறங்கிச் சிரிக்க வேண்டும். பெண் பார்க்கும் படலமேதான். பார்க்க உட்கார்ந்திருப்பவர்களும் பெண்கள், அவ்வளவே. இரு தரப்பும் விருப்பப் பட்டியல் கொடுக்க, கணினி பொருத்தம் பார்க்கும். பொருந்திவிட்டால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான ‘சகோதரிகள்’. அவர்கள் பெயர் மனதில் பதிவதற்குள் சந்தா பில் வந்துவிடும், ஆயிரக்கணக்கான டாலரில்.

ஆளுமை வளருமா? வளராமல் என்ன! முன்பின் தெரியாதவரின் நாய்க்குட்டிக் கதையைக் கண் பனிக்கக் கேட்கும் திறமை லேசில் வராது.

கேலிக்கு அடங்காத சங்கமும் உண்டு. 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகள் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் பட்டம் வாங்கிய பிறகும் உறவு தொடரும். சென்னையில் பிறந்த சியாமளாவின் மகள் கமலா ஹாரிஸ் அதன் உறுப்பினர். அவர் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட 2024 தேர்தலில் அக்கா தங்கைகள் ஊர் ஊராக உழைத்தார்கள்.

அலபாமாவின் வெள்ளையர் சங்கங்கள் கறுப்பினப் பெண்களுக்குப் பரவலாகக் கதவைத் திறந்தது 2013-ல்தான். அதுவும் மாணவர் பத்திரிகை குட்டை உடைத்த பிறகு. சகோதர பாசத்துக்கு என்ன அவசரம்?