விசிலோடு சேர்ந்த மௌன ராகம்

எண்பதுகளில் எங்கள் கொல்லிமலைச் செம்மேட்டில் எனக்குத் தெரிந்து பாட்டுப் பதிந்து தரும் கடை கிடையாது. காரவள்ளி வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, அங்கிருந்து நாமக்கல் போகவேண்டும். ரூல் போட்ட தாளில் பாட்டுப் பட்டியலை நீட்டினால், "அறுபதா தொண்ணூறா தம்பி?" என்பார் கடைக்காரர். தொண்ணூறு நிமிஷக் கேசட் என்றால் முகம் சுளிப்பார்; அதில் நாடா மெல்லிசு, சிக்கிக்கொள்ளும். திருட்டுப் பதிவைத் தடுக்க 1984-இலேயே பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, கேசட்டின் மேல் தயாரித்தவர் பெயர், முகவரி, ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் கேசட்டில் பால்பாயின்ட் பேனாவால் 'ராஜா ஹிட்ஸ் 4' என்று இருக்கும். எழுபது வளைவு ஏறுவதற்குள் அந்தச் சட்டம் வாந்தி எடுத்திருக்கும்.

ஆனால் அதெல்லாம் எவனிடமும் இருக்கும் சரக்கு. கேசட்டில் வராத பின்னணி இசைக்குத்தான் மவுசு. 1986-இல் இளையராஜா இசையில் 'மௌன ராகம்' வந்தபோது, சின்ன டேப் ரெக்கார்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு தியேட்டருக்குப் போனோம். கார்த்திக் வந்தால் விசில். ரேவதி அழுதால் பின்வரிசையில் ஒரு குழந்தையும் அழுதது. எல்லாம் சேர்ந்தே பதிவானது. ஒவ்வொரு தடவை படியெடுக்கும்போதும் இரைச்சல் கூடும் என்பதால், யாருடையது எத்தனையாவது காப்பி என்பதை வைத்தே ஆளுக்கு மரியாதை. மூலக் கேசட் என்னிடம். பிரதிக்கு ஒரு படி மிளகு கேட்டேன், கொடுத்தார்கள்.

இந்தக் கிறுக்கு உலகம் முழுக்க உண்டு. லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் 1972-இல் பம்பாய்க் கலைஞர்களை வைத்துப் பதிந்த இரண்டு பாட்டுகள், பல வருஷம் ரசிகர்களிடையே கள்ளத்தனமாகக் கைமாறிக்கொண்டிருந்தன. 2015-இல் முறையாகவே வெளியிட்டுவிட்டார்கள். அன்றைக்கு எத்தனை பேர் பணக்காரனாக எழுந்து ஏழையாகப் படுத்தார்களோ! அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும்.

இப்போது அதே பின்னணி இசை தங்கை மகனுக்கு ரிங்டோன். விசில் இல்லை, குழந்தை இல்லை, துடைத்து வைத்ததுபோல் கேட்கிறது. அது போதாதென்று, பழைய கேசட் இரைச்சலைச் சேர்க்க ஒரு ஆப் வேறு வைத்திருக்கிறான். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் தேய்த்துத் தேய்த்து நாங்கள் ஒழிக்கப் பார்த்த இரைச்சல்!

2017-இல், தன் பாட்டுகளை அனுமதியில்லாமல் மேடையில் பாடக் கூடாதென்று ராஜா தரப்பிலிருந்து பாடகர் எஸ்.பி.பி.க்கே வக்கீல் நோட்டீஸ் போனது. பாடியவருக்கே அந்தக் கதி என்றால், என் மிளகுக் கணக்கு வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று கொஞ்ச நாள் யோசித்தேன். யாரும் தேடி வரவில்லை. அதில் ஒரு சின்ன வருத்தமும் உண்டு.

போன வருஷம் மலையில் ரிசார்ட் கட்டும் ஒருவர் வந்து, சுவரில் ஒட்டி அலங்கரிக்கப் பழைய கேசட் வேண்டும் என்றார். பெட்டியோடு காட்டினேன். உள்ளே என்ன பாட்டு என்று கேட்கவே இல்லை. எத்தனை இருக்கிறது என்று எண்ணினார். மூலக் கேசட்டைத் தனியாக எடுத்து அதன் பெருமையைச் சொன்னேன். கையெழுத்து கோணலாக இருக்கிறதென்று அதற்கு மட்டும் ஐந்து ரூபாய் குறைத்தார்.