ஐந்தரை மணி நேரக் கோளாறு: ஆரம்பாக்கத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

அரசு தந்த இலவச லேப்டாப்பில் லினக்ஸை யாராவது திறந்து பார்த்தார்களா என்றறியக் குழு அமைக்கத் தேவையில்லை, ஒரு கைக்கடிகாரம் போதும் என்பது இக்கட்டுரையின் துணிபு. விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் குடிவைத்த அத்திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கியது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். ஆகவே களம் அம்மாவட்டத்தின் வடகோடியான ஆரம்பாக்கம். அதைத் தாண்டித் தடா போனால் மாநிலம் மாறுகிறது, கடைப்பலகையின் எழுத்து மாறுகிறது. மணி மட்டும் மாறுவதில்லை. மாநில எல்லையால் ஆகாத அந்தக் காரியம், கல்லூரி லேபில் ஒரு மாணவர் விண்டோஸை மூடி லினக்ஸைத் திறந்தால் ஆகிவிடுகிறது.

காரணம் எளிது. மதர்போர்டில் சிறு பேட்டரியின் தயவில் ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. டாஸ் காலத்துப் பழக்கத்தை விடாத விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸோ 1970 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரத்தில் நொடி எண்ணும் யுனிக்ஸ் குலம். பொது நேரத்தை எழுதிவைத்து, திரையில் காட்டும்போது 5.30 மணியைக் கூட்டிக்கொள்ளும். ஒருவர் எழுதியதை மற்றவர் தன் வழக்கப்படி வாசிப்பதுதான் வினை. காலை 10 மணிக்கு விண்டோஸ் 4.30 என்று காட்டினால், கடைசியாக அந்தக் கடிகாரத்தைத் தொட்டது லினக்ஸ். லினக்ஸ் பிற்பகல் 3.30 என்றால், தொட்டது விண்டோஸ். இன்னும் வராத பிற்பகலில் சேமித்த நிரலைப் பார்த்து 'மேக்' கட்டளை எச்சரிக்கை விடும். மாணவர் லேப் அசிஸ்டென்ட்டைக் கூப்பிடுவார். (விண்டோஸ், லினக்ஸ் இருவரில் யார் சரி என்று கேட்பது வீண். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. ஆரம்பாக்கத்துச் சூரியன் சராசரியாகப் பத்து நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வருகிறது. பழைய மெட்ராஸ் நேரம் நீடித்திருந்தால் வேறுபாடு 5 மணி 21 நிமிடத்தோடு நின்றிருக்கும்.) இதிலிருந்து பெறப்படுவது: சரியாக ஐந்தரை மணி பிசகி நிற்கும் லேப்டாப்பே இரண்டு தளங்களிலும் உழைத்த லேப்டாப். எப்போதும் சரியான நேரம் காட்டுவதன் மேல்தான் சந்தேகம் விழ வேண்டும்.

பேட்டரி செத்தாலும் மணி தவறுமே என்பார்கள். தவறும், ஆனால் செத்த பேட்டரி ஆண்டுக்கணக்கில் பின்னே போய் விழும். நிமிடம் பிசகாமல் ஐந்தரை மணியில் நிற்கும் நாகரிகம் அதற்குக் கிடையாது. இணையம் நேரத்தைத் திருத்திவிடும் என்பதும் முழு மறுப்பாகாது: விண்டோஸ் தன் நேரத்தைத் திருத்தி அதையே பேட்டரிக் கடிகாரத்திலும் எழுதிவைக்கும், அடுத்து வரும் லினக்ஸுக்கு மறுபடி கோளாறு. கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. உபுண்டு போன்றவை நிறுவும்போதே பக்கத்தில் விண்டோஸ் இருப்பதைக் கண்டால் அதன் வழக்கத்துக்கு இணங்கிப் போகின்றன. ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தால் விண்டோஸும் இணங்கும். ஆனால் தானாக முன்வந்து இணங்கியதாகக் கேள்வியில்லை. இப்படி அடங்கிப்போன லினக்ஸ் தடயம் விடாது என்பது உண்மையே. அதனால் நம் அளவுகோல் பயன்பாட்டைக் குறைத்துக் காட்டும், கூட்டிக் காட்டாது. இப்படிச் சொல்லிக்கொள்ள எத்தனை கணக்கெடுப்புகளுக்கு யோக்கியதை உண்டு?

முறைக்கு உண்மையான பகை லேப் அசிஸ்டென்ட்தான். புகார் வந்ததும் நேரத்தைக் கையால் திருத்தி, சான்றை அழித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு பக்கம் பிரிண்டர் கிடைக்கவில்லை என்றும், மறுபக்கம் பென் டிரைவ் திறக்கவில்லை என்றும் குரல் வரும் இடம் அது. லாக் புக்கில் பெயர், பதிவெண், உள்ளே வந்த நேரம் ஆகிய கட்டங்களுக்குப் பக்கத்தில் 'கணினி சொல்லும் நேரம்' என்று இன்னொரு கட்டம் கோடு போட்டு வைத்தால், திருத்துவதற்கு முன் அவர் அதைக் குறித்துக்கொள்ளலாம்.